கிணற்றில் அம்மா மீன் பார்த்த கோடை

பழைய வகுப்புத் தோழிகள் கூடும்போதெல்லாம் பேச்சு எப்படியோ கோடை விடுமுறைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. ஒருத்தி ஏலகிரிக்குப் போனதைச் சொல்வாள். இன்னொருத்தி வாடகை சைக்கிளில் விழுந்து முட்டி பெயர்ந்த கதையைச் சொல்வாள். என் முறை வந்தால் சிரித்து மழுப்பிவிடுவேன். ஐந்தாம் வகுப்பு முடிந்த என் கோடை, கணியம்பாடிப் பக்கத்தில் ஒரு கிணற்றுப் படியில், கால் கட்டைவிரலில் நூலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே போனது என்று சொன்னால் அடுத்து நூறு கேள்வி வரும். இப்போது நமக்கெல்லாம் தலைக்குச் சாயம் அடிப்பதா, அப்படியே விடுவதா என்று யோசிக்கிற வயது. உங்களிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

அந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அப்பா இறந்துபோனார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். சத்துவாச்சாரி வீட்டிலிருந்து கிளம்பி, காட்பாடியில் ரயில் பிடித்துப் போய்வருவார். ஒருநாள் ரயிலைத் தவறவிட்டுவிட்டு ஸ்கூட்டரிலேயே போனார். பள்ளிகொண்டா தாண்டி ஒரு லாரி. எனக்கு அவ்வளவுதான் சொன்னார்கள். அதற்குமேல் நானும் கேட்டதில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். காரியங்கள் முடிந்ததும் டியூட்டிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் ஓயவில்லை. சாயங்காலமானால் சபையிலிருந்து யாராவது வந்துவிடுவார்கள். ஜெபம், பாட்டு, பிறகு டீயும் பிஸ்கட்டும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எப்டிம்மா இருக்க?" அம்மா "இருக்கேன்" என்பாள். வந்தவர்கள் அழுவார்கள். அம்மா அழமாட்டாள். உள்ளே போய் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா வேலை பார்த்த வார்டின் வெள்ளைக்கார டாக்டரம்மா ஓய்வு பெற்றுத் தன் ஊருக்குக் கிளம்பினார். போகும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு சாமானைக் கொடுத்தார். ஒருத்தருக்கு இஸ்திரிப் பெட்டி, ஒருத்தருக்குப் பிரம்பு நாற்காலி. அம்மாவுக்குக் கிடைத்தது நீளமான ஓர் அலுமினியக் குழாய். அதற்குள் மூன்று துண்டாகக் கழற்றி வைத்த ஒரு தூண்டில். கூடவே தட்டையான ஒரு தகரப் பெட்டி நிறைய இறகு கட்டிய கொக்கிகள். பார்த்தால் நிஜமான ஈ, தும்பி, விட்டில் போலவே இருக்கும். புழு கோக்க வேண்டாம், மிதவைக் கட்டை வேண்டாம். இந்த இறகுப் பூச்சியைத் தண்ணீர்மேல் மெதுவாக இறக்கினால் மீன் ஏமாந்து கவ்வும். டாக்டரம்மா ஏதோ ஒரு பிக்னிக்கில் அதை வீசியதை அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாளாம். அது அவருக்கு நினைவிருந்திருக்கிறது.

தூண்டிலை எங்கே போடுவது? பாலாறு மணலாகக் கிடந்தது. கணியம்பாடியில் ஒரு விவசாயியின் மனைவி அம்மாவின் வார்டில் நெடுநாள் படுத்திருந்து பிழைத்தவர். அவர்கள் நிலத்தில் சதுரமாகப் பெரிய கிணறு ஒன்று உண்டு. கல் சுவர், ஒரு பக்கம் அகலமான படிக்கட்டு. அந்தக் கிணற்றுக்காரம்மா, "எப்ப வேணா வாங்க சிஸ்டர், உங்க கெணறு மாதிரி நெனச்சிக்கோங்க" என்று முன்பே சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் விட்ட வாரத்திலேயே அம்மா தன் மொபெட்டில் என்னைப் பின்னால் உட்கார்த்தி, குழாயை என் மடியில் குறுக்கே வைத்துக் கிளப்பிவிட்டாள். வழியில் ஒரு டீக்கடைக்காரர், "ஆக்சிஜனா சிஸ்டர்?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினாள்.

முதல் சில நாட்கள் ஒரு மீனும் அகப்படவில்லை. வீசுவதற்குத் தூண்டிலைப் பின்னால் கொண்டுபோனால் கொக்கி கல்சுவரில் மோதும். முன்னால் விட்டால் நூல் சுருண்டு தொப்பென்று விழும். ஒருமாதிரி சுழற்றி நூலை உருட்டிவிட அம்மா பழகிக்கொண்டாள். பூச்சியும் அழகாகப் போய் உட்கார்ந்தது. ஜிலேபி மீன்கள் மேலே வருவது தெரியும், நிழல்போலக் கிட்டே நிற்பது தெரியும். அப்புறம் திரும்பிப் போய்விடும்.

"இன்னாத்துக்கு வந்துட்டுப் போவுது?" என்றாள் அம்மா. என்னைக் கேட்கவில்லை, மீனைக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் ஏன் இறங்கவில்லை என்று யோசிக்கும்போது வருகிற முகம் அது. அப்பா போனபிறகு அந்த முகத்தை அன்றுதான் மறுபடி பார்த்தேன்.

ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டின் அடியை வட்டமாக அறுத்து, கண்ணாடி வெட்டுகிற கடையில் ஒரு வட்டக் கண்ணாடி வாங்கி, ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற மக்கு வைத்து ஒட்டினாள். அதைத் தண்ணீரில் பாதி அமிழ்த்திக் குனிந்து பார்த்தால் கிணற்றுக்குள் வெகுதூரம் தெரிந்தது. நாம் மேலே நின்று பார்க்கும் பச்சைத் தண்ணீர் இல்லை அது. படிகள் கீழே கீழே இறங்கிப் போகும். சுவரின் பொந்துகளில் பாசி ஆடும். வெயில் கம்பி கம்பியாகச் சாய்ந்து இறங்கும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அம்மாவுக்குப் போதவில்லை. மேலேயிருந்து மீனைப் பார்த்து என்ன பயன், மீன் இருக்கும் இடத்திலிருந்து பூச்சியைப் பார்த்தால்தானே தெரியும் என்றாள்.

அம்மா சின்ன வயதில் கிணற்றில் நீந்திப் பழகியவள். வேலூர் பஜாரில் நீச்சல் கண்ணாடி ஒன்று வாங்கினாள். புடவையை அவிழ்த்து மடித்துக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு, பாவாடையும் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையுமாக இறங்கினாள். முங்கினால் உடம்பு மேலே மேலே வந்தது. அதனால் கிணற்றுக்காரம்மாவின் பம்புசெட் கொட்டகையில் சும்மா கிடந்த ஒரு குழவிக்கல்லை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கல்லோடு போனால் நேரே அடியிலுள்ள படியில் போய் உட்காரலாம். மூச்சு முட்டும்போது கல்லை அங்கேயே வைத்துவிட்டு மேலே வந்துவிடுவாள். கல்லில் கட்டிய கயிற்றை அப்புறம் நாங்கள் இழுத்துக்கொள்வோம்.

மேலே வந்ததும் அம்மா சொன்னவை எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கின்றன. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் தண்ணீரின் மேல்பரப்பு ரசம் பூசிய கண்ணாடி மாதிரி இருக்குமாம். நேர் உச்சியில் மட்டும் வட்டமாக ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக வானம், வேப்பமரம், படியில் உட்கார்ந்திருக்கும் நான் எல்லாம் தெரியும். "நீ நின்னா மீனுக்குத் தெரியிது. குந்திக்க. வெயிலுக்கு எதிர்ல குந்திக்க, நெழல் பின்னால விழணும்." டாக்டரம்மாவின் பூச்சிகள் மிதப்பவை. கீழிருந்து பார்த்தால் கண்ணாடியில் ஒரு சின்னப் பள்ளம் மாதிரிதான் தெரிகிறதாம், உடம்பே இல்லாத பூச்சி.

அதன்பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் படியில் உட்கார்ந்து தூண்டிலைப் பிடிப்பேன், அம்மா கீழே உட்கார்ந்து பார்ப்பாள். முதல் நாள் மேலே வந்து, "ஒரு மீன் வாயில போட்டுத் துப்பிச்சு, நீ வேடிக்கை பாத்துனு இருந்த" என்றாள். எனக்கு நூலில் எதுவுமே தெரியவில்லை. மீன் எதையாவது உறிஞ்சி, பிடிக்காமல் துப்புவது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. மேலே இருப்பவருக்குச் செய்தியே வருவதில்லை. அதனால்தான் என் கால் கட்டைவிரலில் அந்த நூல்; மறுமுனை அம்மா கையில். மீன் கவ்வியதும் அம்மா கீழேயிருந்து நூலைச் சுண்டுவாள், நான் தூண்டிலைத் தூக்க வேண்டும். எப்போதும் ஒரு கணம் பிந்திவிடுவேன்.

ஒருநாள் அம்மா மேலே வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டாள். கண்ணைச் சுற்றி சிவப்பாக இரண்டு வட்டம் பதிந்திருந்தது. பிறகு சொன்னாள்: "அந்தப் பொந்துகிட்ட ஒண்ணு நிக்குது பாரு, அது ஒருக்காலும் கடிக்காது. வாய் நெறையக் குஞ்சு வெச்சிருக்குது. நான் கிட்ட போனதும் வெளிய இருந்த குஞ்சுங்க எல்லாம் ஓடியாந்து வாய்க்குள்ள பூந்துகிச்சு."

"முழுங்கிடாதா?"

"முழுங்காது. அதுவும் சாப்டாது. எளச்சிப் போயிருக்குது."

அன்றிலிருந்து அந்தப் பொந்துப் பக்கம் பூச்சியை விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

அப்பாவின் அலமாரியில் ஷூ கம்பெனித் தோல் சாம்பிள்கள் கட்டுக் கட்டாக இருந்தன. வெட்டிப்போட்ட துண்டுகள், கலர் கலராக. அம்மா அதில் துணிபோல மெல்லிய ஆட்டுத்தோல் ஒன்றை எடுத்து, ஆபரேஷன் கத்தரியால் நாடாவாக நறுக்கி, கொக்கியில் நூலால் கட்டினாள். தண்ணீரில் ஊறியதும் அது மெதுமெதுவென்று ஆகி, மெல்ல ஆடிக்கொண்டே இறங்கியது. கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தவள், "துப்பறதுக்கு யோசிக்கிது" என்றாள். இறகை மீன் உடனே உமிழ்ந்துவிடும். தோல் சதைபோல இருப்பதால் கொஞ்சம் வைத்திருந்து பார்க்கிறது. அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

அதைச் சரியாகப் பரிசோதித்துப் பார்ப்பதற்குள் சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி ஆரம்பித்துவிட்டது. என்னை அங்கே விட்டுவிட்டு அம்மா தனியாகக் கிணற்றுக்குப் போனாள்.

அன்று நடந்ததைப் பிறகு பலர் வாயால் கேட்டுத்தான் சேர்த்துக்கொண்டேன். கிணற்றுக்காரம்மா சந்தைக்குப் போயிருந்தார். பக்கத்து நிலத்தில் வேர்க்கடலை பிடுங்க வந்த வெளியூர் ஆட்கள் தண்ணீர் குடிக்கக் கிணற்றுக்கு வந்தார்கள். மேட்டில் மடித்து வைத்த புடவை. அதன்மேல் கைக்கடிகாரம். பக்கத்தில் ஜோடியாக விட்ட செருப்பு. எட்டிப் பார்த்தால், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் கல்லை அணைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போகிறாள். ஒரு ஆள் அப்படியே குதித்தார். அம்மாவின் தலைமுடியைப் பற்றி இழுத்து மேலே கொண்டுவந்து படியில் போட்டார். அம்மா இருமிக்கொண்டே, "மீன் பாத்துனு இருந்தேங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதும் பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு அழுதார்களாம்.

மறுநாளே ஆம்பூரிலிருந்து அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. தம்பியைத் தூக்கி வளர்த்தவள். வந்தவள் அம்மாவைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாம்மா இது?" என்று மட்டும் கேட்டாள்.

"மீன் எப்டி கடிக்குதுன்னு பாக்கப் போனேன் அண்ணி."

"கல்ல கட்டிக்கினா?"

"கட்டல. புடிச்சினு இருந்தேன்."

அத்தை என் துணிகளை ஒரு பையில் அடுக்கினாள். ஜூன் மாதம் ஆம்பூரிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவதாகவும், அம்மா மனசு தேறுகிறவரை அதுதான் நல்லது என்றும் சொன்னாள். அம்மா மறுத்துப் பேசவில்லை. என் தலையை வாரி, ரிப்பன் கட்டி, பஸ் ஏற்றிவிட்டாள். அவள் ஏன் சண்டை போடவில்லை என்று எனக்கு அழுகையாக வந்தது. அத்தைமேல் அதைவிட ஆத்திரமாக வந்தது.

ஆம்பூரில் அத்தை வீட்டுத் தெருவிலும் ஒரு கிணறு இருந்தது. தகரம் போட்டு மூடியிருந்தார்கள். தோல் பதனிடுகிற ஷாப்புத் தண்ணீர் இறங்கி இறங்கி அது உப்பாகி, டீ நிறத்துக்கு வந்து ரொம்ப நாளாகிவிட்டது. குடிதண்ணீர் லாரியில் வந்தது. காற்று ஒரு பக்கம் வீசினால் பச்சைத்தோல் வாடை, மறுபக்கம் வீசினால் பக்கத்து பாய் வீட்டு பிரியாணி வாடை. அத்தையின் ஊரில் கிணறு என்றால் அதற்குள் பார்க்க எதுவும் கிடையாது. தகரத்தை யாராவது விலக்கினால் அது விழுவதற்காகத்தான் இருக்கும். இது எனக்கு அப்போது புரியவில்லை. தண்ணீருக்குள் மீன் இருக்கும், அதைப் போய்ப் பார்க்கலாம் என்பதை அவளால் எப்படி நம்ப முடியும்?

அத்தை என்னை நன்றாகத்தான் வைத்திருந்தாள். ஒரு மத்தியானம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "உங்கம்மா அழுவாளா, உங்கிட்ட?"

"இல்ல அத்த."

"தனியா?"

"தெரியல."

"அதான் எனக்கு பயமாக்குது" என்றாள்.

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். பள்ளிக்கூடம் திறக்கச் சில நாட்களே இருந்த ஒரு ஞாயிறு, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு அத்தை எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணி, ஒரே ஒரு வாட்டி வந்து நீங்களே பாருங்க. பாத்துட்டு இன்னா சொல்றீங்களோ அத கேக்கறேன்."

"சரி" என்றாள் அத்தை.

அடுத்த நாள் அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு, கையில் கனமான ஒரு பையோடு பஸ் ஏறினாள். என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. கிணற்று மேட்டில் வைத்துத் திறந்தாள். உள்ளே கப்பல்காரன் கயிறு மாதிரி தடியான புதுத் தாம்புக்கயிறு. அதை அம்மாவின் இடுப்பில் சுற்றி, முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டு, மறுமுனையைத் தன் இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டாள். "இப்ப போ" என்றாள். கிணற்றுக்காரம்மா பின்னால் நின்று அத்தையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அத்தை முணுமுணுவென்று ஜெபம் பண்ண ஆரம்பித்தாள்.

அம்மா கல்லோடு இறங்கினாள். நான் கண்ணாடிப் பக்கெட்டைத் தண்ணீரில் அமிழ்த்தி, "அத்த, இதுல பாருங்க" என்றேன். அத்தை கயிற்றை விடாமலேயே மண்டியிட்டுக் குனிந்தாள்.

ஜெபம் நின்றுவிட்டது.

கீழே அம்மா படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கை காற்றடைத்ததுபோல் உப்பியிருந்தது. ஜிலேபி மீன்கள் அவள் முழங்காலை உரசிப் போய்வந்தன. அவள் ஒரு கையை மெதுவாக நீட்டிப் பொந்தைக் காட்டினாள். அங்கே ஒரு மீனின் முகத்தைச் சுற்றிக் கடுகு தாளித்துக் கொட்டியதுபோல் குஞ்சுகள். அம்மாவின் விரல் இன்னும் கொஞ்சம் நீண்டதும் அத்தனையும் ஒன்றாகத் திரண்டு தாயின் வாய்க்குள் போய்விட்டன. மீன் வாயை மூடிக்கொண்டது.

"அய்யோ, சாமி" என்றாள் அத்தை, மெதுவாக. பக்கெட்டிலிருந்து முகத்தை எடுக்கவேயில்லை.

நான் தூண்டிலை எடுத்துத் தோல் கொக்கியைப் பொந்துக்கு எதிர்ப்பக்கமாக உருட்டிவிட்டேன். அன்று கட்டைவிரல் நூல் கட்டவில்லை. இடுப்பில் கயிறு இருந்ததால், மீன் கவ்வியதும் அம்மா அதைத்தான் சுண்டினாள்.

அத்தைக்கு அந்த ஏற்பாடு தெரியாது. யாரும் சொல்லவில்லை. கயிறு துடித்ததும் அவள் அம்மா மூச்சுமுட்டித் தவிக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். பக்கெட்டைத் தள்ளிவிட்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கயிற்றை இழுத்தாள். கிணற்றுக்காரம்மா அத்தையை இழுத்தார். நான் பயந்துபோய்த் தூண்டிலைத் தூக்கினேன். தூண்டில் வில்லாக வளைந்தது. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி, இரண்டும் ஒரே நேரத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன.

அம்மா படியில் குப்புற விழுந்து இருமினாள். தலையைத் தூக்கி மீனைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். அத்தையின் முந்தானை நழுவி, கொண்டை அவிழ்ந்து, கைகள் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன. அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழுகைக்கு மாறினாள் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தையின் மடியில் முகத்தை வைத்துச் சத்தம்போட்டு அழுதாள். அத்தை அவள் ஈரத் தலையைத் தடவிக்கொண்டே, "அழு, நல்லா அழு" என்றாள். மீன் என் கையில் துடித்துக்கொண்டிருந்தது. அதை என்ன செய்வதென்று கேட்க அங்கே ஆளில்லை. கொக்கியைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன். "விட்டுட்டியா, கொழம்புக்கு ஆயிருக்கும்" என்று அத்தை பிறகு ரொம்ப நாள் குறைபட்டாள்.

ஜூனில் நான் சத்துவாச்சாரிப் பள்ளிக்கே போனேன். அத்தை மாதத்தில் ஒரு ஞாயிறு வந்துவிடுவாள், மீன் பார்க்க. நீச்சல் பழகவில்லை. பக்கெட்டோடு படியில் உட்கார்ந்துவிடுவாள். எந்த மீன் கடிக்கும், எது கடிக்காது என்று எனக்கே சொல்லித்தர ஆரம்பித்தாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு சுற்றிலும் போர்வெல் போட்டதில் அந்தக் கிணறு வற்றிப்போனது. அலுமினியக் குழாய் எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று நினைவில்லை.

பல வருஷம் அத்தைமேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது. மீன் பார்க்கப் போனவளைச் சாகப் போனவள் என்று முடிவு கட்டி என்னைப் பிரித்துக்கொண்டு போனார்களே என்று. போன மாதம், மாத்திரை போடுகிற நேரத்தில், அம்மாவிடம் அதைச் சொன்னேன். அம்மாவுக்கு இப்போது எழுபதுக்குமேல்.

"அவங்க தப்பா நெனச்சிட்டாங்க இல்லம்மா?"

அம்மா மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள். "தண்ணிக்குள்ள போய்ட்டா யாரும் எப்டி இருக்கன்னு கேக்க மாட்டாங்க" என்றாள். டம்ளரை நீட்டியபடியே சொன்னாள்: "சாவணும்னு எறங்கலடி. ஆனா மேல வரணும்னு அவசரமும் இல்ல. அந்த ஆளு முடியப் புடிச்சி இழுத்தப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. உங்கத்த இழுத்தப்ப வரல."

நான் டம்ளரை வாங்கி வைத்தேன்.

"அண்ணிக்கு போன் போடு" என்றாள் அம்மா.

போட்டேன். அத்தைக்கு இப்போது காது மந்தம். ஸ்பீக்கரில் அவள் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "இன்னாம்மா, எப்டி இருக்க?"

"இருக்கேன் அண்ணி" என்று ஆரம்பித்த அம்மா, அதோடு நிறுத்தாமல், முட்டிவலியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள்.